இரை இல்லாத அம்பு

திருப்பரங்குன்றத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலையின் வடக்கு முகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கோவிலும் கடைத்தெருவும் சந்நிதித் தெருவின் பூக்கடைகளும் அந்தப் பக்கம்தான். மேற்குச் சரிவில் பாறையைப் பிடித்து ஏறினால் வேறொரு குன்றம் தெரியும். முன்னுக்கு நீண்டு தொங்கும் பாறையின் விளிம்பில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் தரையைச் செதுக்கி, தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று மேடாக விட்டு, ஆள் நீளத்துக்குப் படுக்கைகள் அமைத்திருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே பொறித்த தமிழி எழுத்துகள் அங்கே இருக்கின்றன. எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவர் செய்துகொடுத்த கொடை என்று அவற்றில் ஒன்றைப் படித்திருக்கிறார்கள்.

இந்தக் கல்லில் படுத்தவர்கள் சமண முனிவர்கள். அவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. கொடுத்ததை வாங்கி உண்டார்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடுவதில்லை, விளக்கில் விழும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும் என்பதால். மண்ணைக் கிளறிப் பிடுங்கும் கிழங்கையும் விலக்கினார்கள். ஆட்டையும் மாட்டையும் கொல்லாமல் இருப்பது அவர்களுக்குத் தொடக்கம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத உயிர்வரைக்கும் போய், நடக்கிற நடையிலும் எத்தனை சாகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள். மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் அவர்களுடைய படுக்கை ஒன்று இருக்கும்: யானைமலை, அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, விக்கிரமங்கலம், கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி. கொல்லாமையைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகக் கல்லில் சாட்சி வைத்திருக்கும் சமவெளி தமிழ்நாட்டில் வேறு கிடையாது என்றே நினைக்கிறேன்.

அதே சமவெளியில்தான் கிடா வெட்டு இருக்கிறது. சிவராத்திரிக்கு மறுநாள் வேட்டை நாய்களோடு கிளம்பும் பாரிவேட்டை இருக்கிறது. 2014-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். வேட்டையாடி உண்பது எந்த அளவுக்குத் தகும், காய்கறி உண்பவன் அதைக் கண்டிக்கும் தகுதி உள்ளவனா என்ற கேள்வியோடுதான் இந்த முறை குன்றத்துக்கு வந்தேன். விருந்து வீடுகளில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மடக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. ஊர்கள் என்ன சொல்கின்றன என்று நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மேற்கிலிருந்து இறங்கி வடக்கே கோவிலுக்குள் போனால், பாறையைக் குடைந்து செய்த கருவறைகள். பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், 773-ஆம் ஆண்டு, அவனுடைய படைத்தலைவன் சாத்தன் கணபதி செய்த திருப்பணியைக் கல்வெட்டு சொல்கிறது. முருகன் இங்கே தெய்வானையை மணந்த கோலத்தில் அமர்ந்திருக்கிறான். மலைப்பாறையிலேயே செதுக்கிய உருவம் என்பதால் அபிஷேகம் வேலுக்கு. புரட்டாசியில் அந்த வேலை மலை உச்சிக்கு எடுத்துப் போய், சுனைத்தண்ணீரில் நீராட்டிக் கொண்டு வருகிறார்கள்.

இன்று இந்தச் சந்நிதியில் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும்தான். ஆனால் அறுபடை வீடுகளில் முதலாவதாக இந்தக் குன்றத்தைப் பாடிய திருமுருகாற்றுப்படையே, குறவர்கள் கிடாயின் குருதியில் வெள்ளரிசியைப் பிசைந்து முருகனுக்குப் படைத்ததையும் சொல்கிறது. மலைக்காட்டில் வேட்டையாடிப் பிழைத்தவர்களின் கடவுள் அவன். சமண முனிவர் மேற்குச் சரிவில் பூச்சிக்கு இரங்கிய நூற்றாண்டுகளில், குறிஞ்சி நிலத்தில் கிடாயின் ரத்தம் படையலாக இருந்தது. இந்த இரண்டில் எது தமிழர் வழக்கம் என்று சண்டை போடுகிறவர்களுக்கு இந்த மலையே பதில். இரண்டும்தான்.

அந்த நூலைப் பாடிய நக்கீரர் கதையும் இங்கே நடந்ததாகத்தான் சொல்வார்கள். சரவணப்பொய்கைக் கரையில் அவர் பூசையில் இருந்தபோது ஓர் இலை விழுந்தது. பாதி தண்ணீரில், பாதி கரையில். தண்ணீரில் விழுந்த பாதி மீனானது. கரையில் விழுந்தது பறவையானது. மீன் தண்ணீருக்கு இழுத்தது, பறவை கரைக்கு இழுத்தது. கவனம் சிதறிய நக்கீரரை ஒரு பூதம் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் அடைத்தது. அங்கே முன்பே 999 பேர். ஆயிரமாவது ஆள் கிடைத்ததும் தின்னலாம் என்று காத்திருந்த பூதம் அது. அவர் பாடியதும் முருகன் வேலால் பாறையைப் பிளந்து எல்லாரையும் மீட்டான் என்று கதை முடியும். எனக்கு அந்த இலையைக் கடந்து போக முடியவில்லை. ஒரே இலையின் இரண்டு பாதிகள் அவை. ஒன்று பிழைக்க வேண்டுமானால் மற்றது சாக வேண்டும். இதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில் நக்கீரர் மேல் என்ன குற்றம்?

குன்றத்தின் உச்சியில் சிக்கந்தர் தர்கா இருக்கிறது. அங்கே ஆடு, கோழி அறுத்துக் கந்தூரி கொடுக்கலாமா கூடாதா என்பது 2025-இன் தொடக்கத்தில் பெரும் போராட்டமாகி, தடை உத்தரவுவரை போனது. அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, மலையில் விலங்குப் பலி கூடாது என்றார். வழக்கின் மையம் மலை யாருடையது, எது நெடுநாள் வழக்கம் என்பது. அது நீதிமன்றத்தின் வேலை. ஆட்டின் உயிர் அந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல. மலையில் அறுக்காத ஆடு அடிவாரத்துக் கசாப்புக்கடையில் அறுபடும். ஆகவே அந்தச் சண்டையைக் கொல்லாமைக்கான போராட்டமாக யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். மேற்குச் சரிவில் படுத்திருந்தவர்கள் கொல்லாமையைத் தங்கள் வயிற்றுக்கு விதித்துக்கொண்டார்கள். அடுத்தவனை மடக்க அதை எடுக்கிற நிமிடத்திலேயே அது விரதமாக இருப்பது நின்றுவிடுகிறது.

குன்றத்திலிருந்து மேற்கே நாகமலைப் பக்கம் போனால் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில், பின்னால் சமணர் மலை. செட்டிப்புடவில் ஒரு பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டிப் பாறையில் வரிசையாகச் சிற்பங்களும், 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்தும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நடைப்பயிற்சிக்காரர்கள் இருந்தார்கள். மலைக்கு எதிரே வானம் பார்த்த பூமி கொஞ்சமும் பிளாட்டுக் கற்கள் நிறையவும் கிடந்தன.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஓர் ஊரில் கன்னி நாய் வளர்க்கும் ஒருவரைப் பார்த்தேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, இந்தத் தெற்கத்திச் சீமை நாய்களெல்லாம் வேட்டைக்கென்றே உருவானவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கண்பார்வையால் இரையைப் பிடிக்கும் கூர்மை. அவர் அறுபதைத் தாண்டியவர்.

“அண்ணே, பாரிவேட்டைக்கு இப்பவும் போறீங்களா?”

“எங்கிட்டுப் போறது சார்? மொசலு இருந்தாத்தான. அப்பெல்லாம் ஓடைப்பக்கம் கால வச்சா மொசலு எந்திரிச்சு ஓடும். இப்ப பூராம் பிளாட்டு.”

சிவராத்திரி இரவு குலசாமி கோவிலில் கண்விழிப்பு. மறுநாள் காலையில் ஊர் ஆம்பளைகள் கம்பும் வலையும் நாயுமாகக் கிளம்புவார்கள். விழுந்த வேட்டையை வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். “ஒரு துண்டு கறி வந்தாலும் அது சாமி குடுத்தது. வேட்டை விழுந்தா மழை பேயும்னு பெரியாளுக சொல்லுவாக.” ஊரில் இல்லாதவன் வீட்டுக்கும், நடக்க முடியாத கிழவி வீட்டுக்கும் பங்கு போகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வெறும் கறி ஆசை இல்லை. பிறகு அவராகவே சொன்னார்: “இப்ப பயலுக ராத்திரில சுருக்குக் கம்பி கட்டுறாய்ங்க. அது வேட்டையில்ல சார். வேட்டைன்னா நாமளும் கூட ஓடணும்.”

அவர் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. காட்டு முயல் தன் கடைசி மணி நேரம்வரை தன் காலில் ஓடித் திரிந்தது. பிராய்லர் கோழி ஏறக்குறைய நாற்பது நாளில் கொட்டகையிலேயே தொடங்கி முடிந்துவிடுகிறது. வெயிலில் மண் கிளறியது கிடையாது. துன்பத்தை மட்டும் அளந்தால் ஒரு முயலின் சாவைவிட அந்த நாற்பது நாள் வாழ்க்கை கொடுமை. வேட்டைக்காரன் கொன்றதைக் கண்ணால் பார்த்தான். தோலை உரித்தான், சுமந்து வந்தான், பங்கு வைத்தான். பிளாஸ்டிக் பையில் துண்டுக் கறி வாங்கி வருகிறவருக்கு அந்தப் பொறுப்பு எதுவும் இல்லை. பழைய வேட்டையில் இருந்த நேர்மையை நம் கறிக்கடைப் பழக்கம் இழந்துவிட்டது என்பது உண்மை.

ஆனாலும் அந்த வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. இதை அவரே சொல்லிவிட்டார், மொசலு இருந்தாத்தான. ஒரு காலத்தில் காடு பெரியதாகவும் ஊர் சிறியதாகவும் இருந்தது. அன்று வேட்டைக்காரன் எடுத்த பங்கைக் காடு தாங்கியது. இன்று மதுரைச் சமவெளியில் காட்டுயிருக்கு மிஞ்சியிருப்பது கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலம், ஓடைப் புறம்போக்கு, பாறைக் குன்றுகள். முயல், உடும்பு, காட்டுப்பூனை, கௌதாரி எல்லாம் அந்த ஒட்டுத்துணி நிலத்தில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியது. ஒவ்வொரு மாசியிலும் தென்மாவட்டங்களில் வனத்துறை பாரிவேட்டைக்கு எதிராக எச்சரிக்கை விடுகிறது, ரோந்து போகிறது, வழக்கும் போடுகிறது. நாய்கள் துரத்தி மூச்சு வாங்கி விழும் முயலின் சாவு நொடியில் முடிவதில்லை. சுருக்குக் கம்பியில் மாட்டியது விடியும்வரை துடிக்கும். பசிக்காக ஒருவரும் இன்று இதைச் செய்யவில்லை. பசி போனபின் வேட்டைக்கு நியாயம் சொல்லக் கை வசம் ஒன்றும் இல்லை.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக் கூடாது. கோவில் வாசலில் பாசிமணி ஊசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் குடும்பங்களுக்கு, பறவையும் சிறு விலங்கும் பிடிப்பதுதான் தலைமுறைத் தொழில். அந்தத் தொழிலை ஒரு நாளில் சட்டம் குற்றமாக்கியது. பதிலுக்கு நிலம் கொடுத்ததா, பள்ளிக்கூடம் கொடுத்ததா? பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்டுவதற்கு 2022 டிசம்பர் ஆகிவிட்டது. முயலுக்கு இரங்கிய நாடு, முயல் பிடித்து வாழ்ந்தவனுக்கு இரங்க அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. வேட்டை நிற்க வேண்டும் என்று சொல்கிற என்னைப் போன்றவர்கள் இந்தக் கடனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சமணர் மலைக்கு மேற்கே வயல்வெளியில் ஓர் அம்மாள் பழைய சேலைகளைக் கம்பு நட்டு வரப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். பச்சை, சிவப்பு, ஊதா, எல்லாம் வெளிறிப்போன நைலக்ஸ் சேலைகள். பன்றிக்கும் மயிலுக்கும் இதுதான் வேலி. “மயிலு முருகன் வாகனம்னு கையெடுத்துக் கும்புடுறோம் தம்பி. வெள்ளாமையில எறங்குனா என்னத்தச் செய்ய?” என்றார். கூட்டமாக இறங்கினால் விதைத்த கடலையில் பாதி போய்விடுமாம். அவர் சேலை கட்டுகிறார். வேறு சிலர் விஷம் வைக்கிறார்கள். விஷம் கலந்த நெல்லைத் தின்று மயில்கள் கும்பலாகச் செத்துக் கிடந்த செய்தியை மதுரை மாவட்டத்தில் நாம் படித்திருக்கிறோம். மின்வேலியில் பன்றியோடு மனிதனும் சாகிறான். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. இது போக எலிக்கு மருந்து, புழுவுக்கு மருந்து, நத்தைக்கு மருந்து. ஒரு சிப்பம் அரிசிக்குப் பின்னால் எத்தனை உயிர் என்று யாரும் எண்ணுவதில்லை.

காய்கறி உண்பவன் இதைக் கேட்கத்தான் வேண்டும். சாம்பாரும் ரசமும் எந்த உயிரையும் தொடாமல் இலைக்கு வந்துவிடவில்லை. அறுப்பு முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். இரவெல்லாம் செம்மறிகள் அடைந்து கிடந்த மண்ணில் அடுத்த நெல் நன்றாக விளையும். அந்தக் கீதாரிக்குச் சோறு போடுவது கறிக்குப் போகும் கிடாக்குட்டிகள்தான். சைவ வீட்டு அரிசியில் அந்த ஆட்டின் பங்கு இருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் இந்த இடத்தில் கையை விரிப்பார்கள். ஒன்றல்ல. 2018-இல் பூர், நெமசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பண்ணைக் கணக்கைச் சேர்த்து வெளியிட்டார்கள். உலக விவசாய நிலத்தில் 83 விழுக்காட்டை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எடுத்துக்கொள்கின்றன. நாம் உண்ணும் கலோரியில் அவை தருவது 18 விழுக்காடு மட்டும். பிராய்லர் கோழி தின்பது மக்காச்சோளமும் சோயாவும். அந்த வயலிலும் எலி செத்தது, புழு செத்தது, அதற்குப் பிறகு கோழியும் சாகிறது. கருவேலங்காயும் அறுத்த தாளும் மேய்ந்து வளரும் நம் வெள்ளாட்டை இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது. அது மனிதன் தின்ன முடியாததைத் தின்று வளர்வது. ஆனால் நம் தட்டுக்கு இன்று வருவதில் பெரும்பங்கு அந்த ஆடு அல்ல, கொட்டகைக் கோழி. மரக்கறிச் சாப்பாட்டில் கொலை இல்லை என்று சொன்னால் அது பொய். கொலை குறைவு என்பது மெய். சமணர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் இல்லறத்தானுக்கு ஓர் அளவும் துறவிக்கு ஓர் அளவும் வைத்தார்கள்.

மேலமடைப் பாண்டி கோவிலுக்குப் போனபோது மத்தியானம். வண்டிகள், பந்தல்கள், விறகடுப்பில் அண்டா. இங்கே பாண்டி முனீஸ்வரருக்கு அசைவம் கிடையாது, பாலும் பொங்கலும்தான். கிடா வெட்டு பக்கத்திலிருக்கும் சமயக் கருப்புக்கு. தெற்கத்திக் கிராமங்கள் பலவற்றில் இதே ஏற்பாடுதான். அய்யனார் சைவம், காவலுக்கு நிற்கும் கருப்பு அசைவம். கிடா வெட்டும் நேரத்தில் அய்யனாருக்கு முன் திரை போட்டுவிடுவார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய மரியாதை தெரிகிறது. ஒரே கோவிலில் ஒரு சாமி உண்ணாததை இன்னொரு சாமிக்குப் படைக்கிறார்கள். இரண்டையும் கும்பிடுவது அதே குடும்பம். கிடாயின் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையைச் சிலுப்பிச் சம்மதம் கொடுக்கும்வரை காத்திருக்கிறார்கள். அது உண்மையான சம்மதம் ஆகாது. ஆனால் கொல்லும் முன் கேட்க வேண்டும் என்ற கூச்சம் அதில் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் அன்றைய அரசு தூசு தட்டி எடுத்துக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. கிராமக் கோவில்களில் பெரும் கொந்தளிப்பு. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் ரத்தானது. சந்தையில் அறுக்கலாம், சாமிக்கு முன்னால் அறுக்கக் கூடாது என்றது அந்தத் தடை. எளிய மக்கள் சாமியின் பெயரால் கூடி, வெட்டி, ஊருக்கே சோறு போடும் இடத்தில் கைவைத்தது. எண்ணெயும் நெய்யும் மணக்கும் பெரிய கோவில்களின் ஒழுக்கத்தைக் கருப்புசாமிகள் மேல் சுமத்திய வேலை அது. ‘சைவம் மட்டும்’ என்று எழுதி வீடு வாடகைக்கு விடும் பழக்கத்தையும் இதோடுதான் சேர்க்கிறேன். உயிர் மேல் உள்ள அன்பு அல்ல அது, மனிதனைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு. கண்ணப்பன் பன்றிக் கறியைப் படைத்ததை ஏற்றுக்கொண்டு அறுபத்து மூவரில் ஒருவராக அவரை நிற்க வைத்திருக்கும் சமயத்துக்கு இது அழகல்ல.

மறுநாள் காலை நகரத்துக்குள் புதுமண்டபம். தூண் ஒன்றில் பன்றி முகத்தோடு சிவன், மடியில் குட்டிகள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக் கதை. பாண்டியன் வேட்டைக்குப் போனான். ஆண்பன்றியும் பெண்பன்றியும் மாண்டன. தாயில்லாத பன்னிரண்டு குட்டிகள் பசியில் கத்தின. சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார். முற்பிறவியில் அந்தப் பன்னிரண்டு பேரும் வேடரோடு சேர்ந்து வேட்டையாடித் திரிந்த பிள்ளைகள் என்றும் கதை சொல்கிறது. அரசனை அந்தக் கதை தண்டிக்கவில்லை. வேட்டையில் விழுந்ததை எண்ணிக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பும் கூட்டத்தோடும் அது போகவில்லை. புதரில் மிஞ்சிய குட்டிகளோடு நின்றுகொள்கிறது. வேட்டையைப் பற்றி மதுரை சொன்னதில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

அதே புராணத்தில் ஒரு நாரை வருகிறது. முனிவர்கள் நீராடும் குளத்து மீனைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடந்து மதுரைக்கு வந்து முக்தி பெற்றது. தன் இனம் இனி அந்தப் பாவத்தைச் செய்யாதிருக்கப் பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று வரம் கேட்டதாம். நாரை மீன் தின்னாமல் இருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். புலியும் நாரையும் கொல்லத்தானே செய்கின்றன, மனிதன் கொன்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். நாரைக்குத் தேர்வு கிடையாது. தேர்வு இருந்தால் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தது மனிதன். தேர்வு இருக்கிறவன் அவன் ஒருவன்தான்.

அங்கிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர்ப் பக்கம், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி. 1977-இல் அறிவித்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்கள் அங்கே இருக்கின்றன. நத்தைகுத்தி நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் மழைக்காலத்தை ஒட்டி வந்து கூடு கட்டுகின்றன. பறவை மிரளும் என்பதால் இந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதிகாரிகள் ஆண்டுதோறும் இனிப்பு கொண்டுவந்து கொடுத்துப் பாராட்டுகிறார்கள். நான் பேசிய வீட்டில் அன்று மீன் குழம்பு. ஊரில் யாரும் சமணர் இல்லை, சைவ உணவுக்காரர்களும் இல்லை. கண்மாய்க்கு வந்த பறவை விருந்தாளி, அதன்மேல் கை வைக்கக் கூடாது என்ற ஒரே வரம்பு. “பிள்ளைக கேக்கத்தான் செய்யும், மத்தாப்பு வாங்கிக் குடுத்துருவோம்” என்றார் அந்த வீட்டு அம்மா. எந்தத் தத்துவமும் பேசாமல் ஓர் ஊர் முழுக்கத் தன் பிள்ளைகளின் சந்தோஷத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டு பறவைக்குக் கொடுத்திருக்கிறது. நான் தேடி வந்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

நகரத்துக்கும் குன்றத்துக்கும் நடுவே பசுமலையில் அம்பு போடும் மண்டபம் இருக்கிறது. நவராத்திரி முடிவில் திருப்பரங்குன்றத்து முருகன் அங்கே எழுந்தருளி வில் வாங்கி அம்பு எய்வான். வேட்டைக்காரர்களின் கடவுள் இன்றும் வேட்டைக்குக் கிளம்புகிறான், மேளம் முழங்குகிறது, சனம் கூடுகிறது, அம்பு பறக்கிறது. இரை மட்டும் இல்லை. கிடாக்குருதியில் அரிசி பிசைந்த காலத்திலிருந்து இங்கே வந்து சேர இந்தத் தெய்வத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அப்படியும் அவன் முருகனாகத்தான் இருக்கிறான்; குறைந்து போய்விடவில்லை. பாரிவேட்டையையும் ஊர்கள் இப்படி மாற்றிக்கொள்ள முடியும். குலசாமி கும்பிடட்டும், கண் விழிக்கட்டும், நாய்களைக் கூட்டிக்கொண்டு எல்லை சுற்றி வரட்டும், வீட்டுக்கு வீடு பங்கும் வைக்கட்டும். பங்கில் முயல் இருக்க வேண்டியதில்லை.

இறைச்சியை விடச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. குறைக்க முடிந்தவர்கள் குறைக்கலாம். அதில் முதலில் குறைக்க வேண்டியது கொட்டகைக் கோழி. விவசாயி மயிலுக்கு விஷம் வைக்காமலிருக்க வேண்டுமானால் பயிர்ச்சேதத்துக்கு உடனடியாகவும் முழுமையாகவும் இழப்பீடு கிடைக்க வேண்டும். அதை அரசிடம் கேட்பது அரிசி தின்கிற எல்லாருடைய வேலை. காட்டுயிர் விஷயத்தில் மட்டும் கேள்விக்கே இடமில்லை. வேட்டை இந்தச் சமவெளியில் நின்றே ஆக வேண்டும். வரும் மாசியில் சிவராத்திரிக்கு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் பங்காளிகளிடம் இதைப் பேசுங்கள். கௌதாரி இருக்கிறது, மொசக்கறி இருக்கிறது என்று சாலையோரத்தில் யாராவது மெதுவாகக் கூப்பிட்டால் வாங்காதீர்கள். சுருக்குக் கம்பியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.